பள்ளி வளாகத்தில் பசுமை: ஆசிரியர்களும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தங்கள் பள்ளியைப் பசுமையாக்க நினைக்கும் மாணவர்கள், தேசிய பசுமைப்படைப் பொறுப்பாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஆகியோருக்காக இதைத் தொகுத்திருக்கிறோம். பள்ளியில் கன்று நடுவது பெரிய வேலை இல்லை, ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். நட்ட கன்றை அடுத்த மே மாதம் தாண்ட வைப்பதுதான் வேலை. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு கவலையிலிருந்து பிறந்தவை.

ஜூன் 5 அன்று நட்டுவிடலாமா?

அன்று உலகச் சுற்றுச்சூழல் தினம். கன்று நட்டுப் படம் எடுத்து அனுப்புவது பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அது ஏற்ற நாள் இல்லை. கத்திரி வெயில் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. மண்ணில் ஈரமே இருக்காது. நமக்கு ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நட்டால், மூன்று மாதம் மழையே கன்றைப் பார்த்துக்கொள்ளும். வேர் கீழே இறங்கிய பிறகு வெயில் வரும்.

கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, வால்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே தொடங்கிவிடும், தாராளமாக நடலாம்.

மற்ற ஊர்ப் பள்ளிகள் ஜூன் 5-ஐ வேறு விதமாகக் கொண்டாடலாம். அன்று மாணவர்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்து வளாகத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள். வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, குழாய் எங்கே இருக்கிறது, மதிய இடைவேளையில் பிள்ளைகள் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று குறித்து ஒரு வரைபடம் போடட்டும். எந்த மரம் எங்கே என்ற முடிவு அந்த வரைபடத்திலிருந்து பிறந்தால், அது அவர்களுடைய தோட்டம்.

எத்தனை கன்று நடலாம்?

மே மாதத்தில் எத்தனை கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனைதான். இடம் எவ்வளவு இருக்கிறது, கன்று எவ்வளவு கிடைக்கிறது என்பதெல்லாம் இதற்கு அடுத்த கேள்விகள்.

கணக்கு எளிது. முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும். 20 கன்று என்றால் வாரத்துக்கு 40 குடம், அதாவது 500 லிட்டருக்கு மேல். பள்ளி பூட்டியிருக்கும் நேரத்தில் இதை யார் தூக்கி வந்து ஊற்றுவார்கள்? அந்த ஆட்களின் பெயரை எழுத முடிந்தால் 20 கன்று நடுங்கள். எழுத முடியாவிட்டால் 8 போதும். நன்கொடையாளர் ஒருவர் வேனில் 200 கன்று கொண்டுவந்து இறக்கினால், நன்றி சொல்லி 20 எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்பச் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நட்டவர்கள் கண்ணெதிரே 180 கன்று காய்ந்து நிற்பதைப் பார்க்கும் பிள்ளை அடுத்த முறை மண்வெட்டியைத் தொடத் தயங்கும். அந்த இழப்பு கன்றின் விலையைவிடப் பெரியது.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? கன்று எங்கே கிடைக்கும்?

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்திலேயே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: புதிய வகுப்பறைக் கட்டடமோ கழிப்பறையோ வருவதாக இருந்தால் எந்த இடத்தில் வரும்? இதைக் கேட்காமல் நட்ட மரங்கள்தான் நான்கு வருடம் வளர்ந்த பிறகு அஸ்திவாரத்துக்காக வெட்டப்படுகின்றன.

கன்றுக்கு உங்கள் பகுதி வனத்துறை நாற்றங்காலை அணுகுங்கள். மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கத்தோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்ட பிறகு, நாட்டு மரக் கன்றுகள் கிடைப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சின்னப் பையில் நெட்டையாக நிற்கும் கன்றின் வேர் உள்ளே சுருண்டு கிடக்கும். பை பெரிதாகவும் தண்டு பென்சிலைவிடத் தடிமனாகவும் இருப்பதை எடுங்கள்.

எந்த மரங்கள் பள்ளிக்கு ஏற்றவை?

ஒரே மரம்தான் வைக்க முடியும் என்றால் என் தேர்வு புங்கம். மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு உடனே தளிர்த்துக்கொள்ளும். வெயில் ஏறி, ஆண்டுத் தேர்வு நடக்கும் ஏப்ரல் மாதத்தில் பளபளவென்று புது இலையோடு அடர்ந்த நிழல் தரும். கடற்கரை மணலிலும் வளரும், உள்நாட்டிலும் வளரும், ஆடு அதிகம் சீண்டாது. பள்ளி நாட்காட்டியைப் பார்த்துச் செய்தது போல ஒரு மரம்.

அதற்கு அடுத்து வேம்பு. வறண்ட மாவட்டங்களில் வேம்பைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். கடலோரப் பள்ளிகளுக்குப் பூவரசும் புன்னையும் உப்புக்காற்றைத் தாங்கும். பூவரசை விதை தேடிக்கூட அலைய வேண்டியதில்லை, நல்ல போத்தை, அதாவது முற்றிய கிளைத்துண்டை, வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினால் துளிர்த்துவிடும். தண்ணீர் தேங்கும் மூலை இருந்தால் நீர்மருது, நாவல். மகிழம் மெதுவாகத்தான் வளரும். ஆனால் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும், காலையில் பிள்ளைகள் பூப் பொறுக்கும் மரம் அது. சுற்றுச்சுவர் ஓரம் பனை விதை ஊன்றுங்கள். நம் மாநில மரம். பெரிய பராமரிப்பு கேட்காது. செலவே இல்லாமல் மாணவர்களே விதை பொறுக்கி வந்து செய்யக்கூடிய வேலை இது.

சரக்கொன்றையைப் பலரும் கேட்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சளாகப் பூத்துத் தொங்கும் அழகுக்காக வாசலில் ஒன்று வைக்கலாம். நிழலுக்கு அதை நம்ப வேண்டாம்.

பழ மரம் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கட்டும். நெல்லி, கொய்யா, சீதா எல்லாம் தோட்டத்தைப் பிள்ளைகளோடு ஒட்ட வைக்கும். பழுப்பதற்கு முன்பே பறித்துவிடுவார்கள் என்று கவலைப்படும் ஆசிரியர்கள் உண்டு. பறிக்கட்டும், அதற்குத்தானே வைத்தோம்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

கோனோகார்பஸ். வேகமாக வளர்ந்து பச்சைச் சுவர் போல நிற்பதால் பல நிறுவனங்கள் வைத்துவிட்டன. நம் ஊர்ப் பறவைக்கும் பூச்சிக்கும் அதனால் பயன் இல்லை; அதன் மகரந்தம் ஒவ்வாமை தருகிறது, வேர் குழாய்களைப் பதம் பார்க்கிறது என்ற புகார்கள் எழுந்து, குஜராத் அரசு 2023-ல் தடை செய்தது. தமிழ்நாடு அரசும் பின்னர் தடை விதித்துவிட்டது.

குல்மோகர் என்று சொல்லும் மயில்கொன்றை, தூங்குமூஞ்சி இரண்டும் வெளிநாட்டு மரங்கள், விளையாட்டுத் திடல் ஓரம் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாலைகளில் சாய்ந்து கிடந்தவற்றில் இத்தகைய மரங்கள் ஏராளம். ஆலும் அரசும் அருமையான மரங்கள். ஆனால் கட்டடத்திலிருந்து வெகு தூரம் தள்ளி, பெரிய மைதானம் இருந்தால் மட்டும். முருங்கையை வகுப்பறைச் சன்னல் பக்கம் வைத்தால் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி உள்ளே வரும். சமையலறைக்குப் பின்னால் வையுங்கள்.

தொடக்கப்பள்ளி இருக்கும் வளாகத்தில் அரளியை, குறிப்பாக மஞ்சள் அரளியை, வைக்கவே கூடாது. அதன் விதை உயிருக்கு ஆபத்து. ஆமணக்கு, ஊமத்தை, குன்றிமணி தானாக முளைத்திருந்தால் பெரியவர்கள் பிடுங்கிவிட வேண்டும். மாநில மலரான செங்காந்தளுக்கும் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு உண்டு. மேல்நிலைப் பள்ளியில் வேலிக்குள் வைக்கலாம், சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

எங்கள் பள்ளியில் மண்ணே இல்லை. முழுக்க பேவர் பிளாக். என்ன செய்வது?

நகரப் பள்ளிகளில் இதுதான் நிலைமை. பேவர் பிளாக்கைப் பெயர்க்க முடியும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மரம் வைக்கும் இடத்தில் நான்கடிக்கு நான்கடி பெயர்த்து எடுத்தால் போதும், எடுத்த கல்லையே சுற்றி அடுக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே நிற்கும் மரங்களின் தூரைச் சுற்றி சிமெண்ட் பூசியிருந்தால் முதலில் அதை உடைத்து எடுங்கள். புதுக் கன்று நடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது. மழைநீர் வேருக்குப் போக வழியில்லாத மரம்தான் காற்றில் சாயும்.

அதற்கும் வழியில்லை என்றால் பந்தல். இரும்புக் குழாயோ சவுக்குக் கம்போ நட்டுக் கம்பி கட்டி, பெரிய தொட்டிகளில் முல்லை, சங்குப்பூ, கோவை, பீர்க்கன் ஏற்றிவிட்டால் ஒரே ஆண்டில் நிழல் வந்துவிடும். கொடி நிழலுக்குக் கீழே ஒரு வகுப்பே உட்காரலாம்.

குழி எப்படி எடுப்பது?

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். இறுகிய மண்ணாக இருந்தால் மூன்றடி. மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குழியைக் காயவிடுங்கள். மூடும்போது மேல்மண், மக்கிய தொழுவுரம், கையளவு வேப்பம்புண்ணாக்கு கலந்து போடலாம். பச்சைச் சாணம் வேண்டாம், சூட்டில் வேர் கருகும், கரையானும் வரும். பிளாஸ்டிக் பையைக் கட்டாயம் கிழித்து எடுத்துவிடுங்கள். பையோடு நட்ட கன்றுகளை இன்னமும் பார்க்க முடிகிறது.

தண்ணீர் எங்கிருந்து வரும்?

பள்ளியில் தினமும் சாக்கடைக்குப் போகும் தண்ணீரிலிருந்து. மதியம் சத்துணவு முடிந்து அத்தனை பேரும் தட்டும் கையும் கழுவுகிறார்கள். அந்தக் குழாயடியிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, முதலில் பருக்கையைத் தடுக்க ஒரு வலை, அடுத்து ஜல்லியும் மணலும் போட்ட ஒரு குழி, அதைத் தாண்டி கல்வாழையும் வாழையும். சோப்புத் தண்ணீரை வாழை தாங்கும். அதையும் தாண்டி வரும் நீரை மரங்களுக்கு விடலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் இந்த நீர் வேண்டாம்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் பள்ளியிலும் மாடியிலிருந்து இறங்கும் குழாய் இருக்கும். அது எங்கே போய் முடிகிறது என்று மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் உடைந்து சுவரோரம் கொட்டிக்கொண்டிருக்கும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக 800 லிட்டர் தொட்டிக்கு வரும். ஆறாம் வகுப்பு மாணவர்களே போடக்கூடிய கணக்கு இது.

இருக்கும் தண்ணீரைச் சிக்கனமாகக் கொடுக்கப் பானை முறைதான் மிக நல்லது. சுட்ட மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். மண்ணில் கசியும் ஈரத்தைத் தேடி வேர் வரும். தூரைச் சுற்றித் தென்னை மட்டையோ சருகோ மூடாக்குப் போட்டால் ஈரம் இன்னும் சில நாள் நிற்கும்.

மே மாத விடுமுறையில் யார் பார்ப்பது?

ஏப்ரல் மாதத்தில் இதை யோசித்தால் தாமதம். நடும் நாளிலேயே பட்டியல் தயாராக இருக்க வேண்டும். பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கும் மாணவர்கள், அவர்களோடு ஒரு பெற்றோர் என்று இரண்டிரண்டு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஐந்து கன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். வெயில் நேரத்தில் பிள்ளைகளை வரச் சொல்லக் கூடாது, காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வாயிற்கதவுச் சாவி யாரிடம், மோட்டார் சுவிட்ச் யாரிடம் என்பதை எழுதி ஒட்டுங்கள். எத்தனையோ கன்றுகள் தண்ணீர் இருந்தும் சாவி இல்லாமல் செத்திருக்கின்றன.

அரசுப் பள்ளிகளில் மகிழ்முற்றம் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து மாணவர் குழுக்கள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு குழு என்று பிரித்தால் விடுமுறை முழுவதையும் சமாளித்துவிடலாம். ஊரில் நூறுநாள் வேலை செய்பவர்கள், காலையில் மைதானத்தில் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் ஆகியோரிடமும் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை, நாம்தான் கேட்பதில்லை.

மாணவர்களை என்னென்ன வேலை செய்யச் சொல்லலாம்?

இடம் தேர்ந்தெடுப்பது, விதை சேகரிப்பது, நாற்று வளர்ப்பது, நீர் ஊற்றுவது, அளந்து பதிவது எல்லாம் அவர்கள் வேலை. கடப்பாரை பிடித்து ஆழக்குழி எடுப்பது, கிணற்றிலிருந்து நீர் இறைப்பது, மரம் ஏறிக் கிளை கழிப்பது, மருந்து தெளிப்பது பெரியவர்கள் வேலை. பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்க வைக்காதீர்கள், தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் வரும்.

இதைவிட முக்கியமாக இரண்டு. ஒன்று, தாமதமாக வந்த மாணவனுக்குத் தண்டனையாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். தண்டனையாகச் செய்த வேலையை எந்தப் பிள்ளையும் விரும்பாது. இரண்டு, வேலைப் பங்கீடு. ஆண் பிள்ளைகள் மண் வெட்டுவது, பெண் பிள்ளைகள் கூட்டிப் பெருக்குவது என்று தானாகவே ஒரு பழக்கம் வந்து உட்காரும். சாணம் அள்ளவும் குப்பை அள்ளவும் எப்போதும் குறிப்பிட்ட சில பிள்ளைகளின் பெயரே கூப்பிடப்படுகிறதா என்று கவனியுங்கள். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லா வேலையும் எல்லோருக்கும் சுழற்சியில் வர வேண்டும். சாணத்தை ஆசிரியர் முதலில் அள்ளினால் பேச்சே தேவையில்லை.

இதனால் படிப்பு கெடாதா?

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி. பாட நேரத்தை எடுக்காதீர்கள். காலை வழிபாட்டுக்கு முன், மாலை விளையாட்டு வேளை, சனிக்கிழமை போதும்.

பசுமை படிப்புக்கு உதவுவதாகவே தெரிகிறது. ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் 36 தொடக்கப்பள்ளிகளைச் சேர்ந்த 7 முதல் 10 வயதுள்ள 2,593 பிள்ளைகளை ஓராண்டு கவனித்து, 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. பள்ளிக்குள்ளும் சுற்றிலும் பசுமை கூடுதலாக இருந்த இடங்களில் படிக்கும் பிள்ளைகளின் நினைவாற்றல் கூடுதலாக வளர்ந்தது, கவனச் சிதறல் குறைந்தது. அந்த வேறுபாட்டில் ஒரு பங்குக்கு வாகனப் புகை குறைந்ததே காரணம் என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். சாலையோரப் பள்ளிகள் சுவரை ஒட்டி அடர்த்தியாக மரம் வைக்க இது ஒன்றே போதிய காரணம்.

பாடத்தையும் தோட்டத்துக்குக் கொண்டு போகலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியலை வேப்பமரத்தின் நிழலை அளந்து நடத்துங்கள். எருக்கஞ்செடி ஒன்றைப் பிடுங்காமல் மூலையில் விட்டுவைத்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது என்று முன்னரே சொல்லிவிடுங்கள்.

மியாவாக்கி காடு போடலாமா?

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் ஒரு சதுர மீட்டரில் 3 முதல் 5 கன்று வரை நெருக்கி நடுவார்கள். சென்னை மாநகராட்சி 2020-ல் கோட்டூர்புரத்தில் இப்படிப் போட்டது. சாலைப் பக்கச் சுவரோரம் புகையைத் தடுக்க நல்லது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் போய் விளையாட முடியாது, உட்கார முடியாது. முதல் இரண்டு மூன்று ஆண்டு தண்ணீரும் அதிகம் கேட்கும். சின்ன வளாகமாக இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்துப் பேர் உட்காரும் நிழல் தரும் ஒரு புங்கமரம் மேல்.

காய்கறித் தோட்டம்?

சமையலறைக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை, முருங்கை, பப்பாளி, கீரைப் பாத்தி. கீரை மூன்று, நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். மரம் வளரக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது வரை ஒரு பலன் கண்ணில் தெரிய வேண்டும். சமையலரம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு விதையுங்கள்.

ஆடு, மாடு தொல்லை?

சுற்றுச்சுவர் இல்லாத பள்ளியில் நொச்சியும் ஆடாதொடையும் நெருக்கி வைத்து உயிர்வேலி அமையுங்கள், ஆடு கடிக்காது. அது வளரும் வரை மூங்கில் கூண்டு, முள் படல்.

செடி வைத்தால் பாம்பு வருமே?

செடியைவிட, குவித்துப் போட்ட செங்கலும் உடைந்த பெஞ்சும் எலி வளையும்தான் பாம்பை அழைக்கும். அவற்றை அகற்றுங்கள். நடைபாதை ஓரம் புதர் வேண்டாம், மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்து அடியில் வெளிச்சம் தெரியும்படி வையுங்கள். சருகில் வெறுங்கையை விடக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். பிள்ளையை அசையாமல் வைத்து 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சருகை எரிக்கலாமா?

கூடாது. மூலையில் குழி வெட்டிப் போட்டு, இடையிடையே மண்ணும் சாணக்கரைசலும் விட்டால் சில மாதத்தில் உரம்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மாணவன் பெயர் வைக்கலாமா? பிறந்தநாளுக்கு ஒரு கன்று?

மரத்தை ஒரு மாணவனிடம் கொடுத்தால் அவன் பள்ளி மாறியதும் அது அநாதை. வகுப்பிடம் கொடுங்கள். ஆறாம் வகுப்பு ஏற்றுக்கொண்ட மரத்தை அவர்களே பத்தாம் வகுப்பு வரை கொண்டு போகட்டும். பள்ளியை விட்டுப் போகும் நாளில் புது ஆறாம் வகுப்பைக் கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கட்டும். பிறந்தநாள் கன்று நல்ல எண்ணம்தான், ஆனால் நூற்றுக்கணக்கில் பிறந்தநாள்கள் வரும், தண்ணீர்க் கணக்கு உடைந்துவிடும். பிறந்தநாள் பிள்ளை ஒரு பை தொழுவுரம் கொண்டு வந்து தன் வகுப்பு மரத்துக்குப் போடலாம்.

அத்தனையும் செய்தும் கன்று பட்டுப்போனால்?

பிடுங்கி எறிந்துவிட்டு அதே குழியில் உடனே இன்னொன்றை வைக்காதீர்கள். மாணவர்களைச் சுற்றி உட்கார வைத்து, வேரோடு தோண்டி எடுத்துப் பாருங்கள். வேர் சுருண்டு பந்தாக இருந்தால் கன்று வாங்கும்போதே கோளாறு. வேர் அழுகி நாற்றம் அடித்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அந்த இடத்துக்கு நீர்மருதுதான் சரி. தூரில் மண் பூச்சு இருந்து பட்டை தின்னப்பட்டிருந்தால் கரையான். அடுத்த முறை வேப்பம்புண்ணாக்கைக் கூட்டிப் போட வேண்டும். வேர் நன்றாக இருந்து தண்டு மட்டும் காய்ந்திருந்தால் தண்ணீர் போகவில்லை. மே மாதப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். யாரையும் திட்டுவதற்காக இல்லை. அந்த வாரக் குழுவில் ஒருவர் ஊருக்குப் போயிருக்கலாம், மோட்டார் பழுதாகியிருக்கலாம். காரணத்தைத் தோட்டப் பதிவேட்டில் எழுதி, தேதி போட்டு, அந்த வகுப்பு கையெழுத்திடட்டும். மறு கன்றை அக்டோபர் மழைக்கு வையுங்கள்.

தூரை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்காமல் எதையும் பிடுங்க வேண்டாம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். மேலே காய்ந்ததை வெட்டிவிட்டு ஒரு மழை வரை பொறுத்திருங்கள். வேம்பும் புங்கமும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கக் கூடியவை.